கடம்பாவின் வெள்ளை நரம்பு

வங்கக் கடலில் கடம்பா சும்மா இருக்கும்போது சாதுவான பிராணி. உடம்பின் இரு பக்கத்துத் துடுப்பு மடிப்புகளை மெல்ல அசைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகரும். பெரிய மீன் ஒன்று பாய்ந்து வருகிறது என்றால் நிலைமை வேறு. உடம்பைச் சுற்றியிருக்கும் தசைச் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும். உள்ளே நிரம்பியிருந்த கடல்நீர் தலைக்குக் கீழுள்ள குழல் வழியாகப் பீறிட்டு வெளியேறும். அந்த வேகத்தில் கடம்பா பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிவிடும்.

தலைக்கு அருகிலுள்ள தசை முதலில் இறுகி, வால் முனைத் தசை பிறகு இறுகினால் நீர் வெளியே போகாது, வால் பக்கம் ஒதுங்கிவிடும். பாய்ச்சல் பாதியாகும், உயிர் போகும். ஆகவே கட்டளை அருகிலுள்ள தசைக்கும் தூரத்திலுள்ள தசைக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். இதற்குக் கடம்பாவின் உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தசைச் சுவரின் உட்பக்கத்தில் வலது இடது என இரண்டு நரம்பு முடிச்சுகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் நரம்புகள் நட்சத்திர வடிவில் பிரிந்து போகின்றன. அருகில் போகும் இழை மெல்லியது. வால் வரை போகும் இழை தடித்தது. தடித்த இழையில் சைகை வேகமாக ஓடும். தூரம் கூடினாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது.

அந்தத் தடித்த இழை சில கடம்பா இனங்களில் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். மனித நரம்பிழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்று முதல் 20 பங்குதான். நரம்பு எப்படிப் பேசுகிறது என்று இன்று மருத்துவம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, இப்படிக் கண்ணால் பார்த்துக் கையால் எடுக்க முடிந்த ஓர் இழையிலிருந்து வந்தது.

விசைப்படகின் தளத்தில் வலையைக் கொட்டும்போது உயிருள்ள கடம்பாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப்பை. அதைச் சுற்றிலும் நுண்ணிய தசைகள், அவற்றுக்கு மூளையிலிருந்து நரம்புகள். அந்த மினுமினுப்பு நரம்புச் சைகை கண்ணுக்குத் தெரியும் வடிவம் என்றே சொல்லலாம். ஐஸ் கொட்டியதும் அது அடங்கிவிடும். காசிமேட்டிலிருந்தும் வெளியூர்த் துறைகளிலிருந்தும் வண்டியேறி, பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக வானகரம் மீன் சந்தைக்கு வந்து கூடையில் விழும்போது நரம்பு ஓய்ந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் இழை அப்படியே இருக்கும்.

சந்தையில் கேட்டால் கடம்பா என்பார்கள், தெற்கே ஊசிக்கணவாய் என்பார்கள். உள்ளே வெள்ளை ஓடு உள்ளது ஓட்டுக்கணவாய், அது வேறு இனம். எழுபதுகளில் வெளிநாட்டு ஏற்றுமதி சூடுபிடிக்கும் வரை நம் கரையில் இதற்கு மதிப்பு குறைவு, தூண்டிலில் இரையாகப் போனதே அதிகம். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். சுத்தம் செய்பவர் தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வந்துவிடும். அடுத்து முதுகுப் பக்கத்திலிருந்து கண்ணாடி போன்ற ஈர்க்கை உருவுவார், தோலை உரிப்பார், குழாயை வளையமாக நறுக்குவார். நட்சத்திர முடிச்சு தசைச் சுவரோடு ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் அதுவும் நறுக்கில் போய்விடும். உலக அறிவியலில் இவ்வளவு பெரிய இடம் பெற்ற ஓர் உறுப்பு மிளகாய்த்தூள் தடவி வறுபட்டு நம் தட்டுக்கு வருகிறது.

இனி அதன் வெளிநாட்டுப் பயணம். 1909இல் லெனார்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் கடம்பாவின் உடலமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலேயே இந்தப் பெரிய இழைகளைக் குறித்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை. இருபது ஆண்டுகள் போல் கழித்து, இத்தாலியில் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞர் ஜே. இசட். யங், கடம்பாவின் தசைச் சுவரில் ஒளி ஊடுருவும் குழாய்களைக் கண்டு முதலில் ரத்தக் குழாய் என்றே நினைத்தார். பிறகுதான் அவை நரம்பிழைகள் என்று நிறுவினார். பல நரம்புச் செல்களின் நீட்சிகள் ஒன்றாக இணைந்து ஒற்றைப் பேரிழை உருவாகிறது என்பதும் தெரிந்தது. 1936இல் அவர் இதை அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

இது ஏன் அவ்வளவு பெரிய செய்தி? நரம்புச் செல் என்பது மூன்று பகுதி கொண்டது. உட்கரு இருக்கும் செல் உடல், அதிலிருந்து கிளைவிடும் டென்ட்ரைட்டுகள், நீண்டு போகும் ஒற்றை இழையான ஆக்சான். கிளைகள் சைகையை வாங்கும், ஆக்சான் அடுத்த செல்லுக்கோ தசைக்கோ கொண்டுபோய்க் கொடுக்கும். நம் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஒரு செல்லின் ஆக்சான் கால் பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் போகிறது. அத்தனை நீளமிருந்தும் கண்ணுக்குத் தெரியாத மெலிவு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்த நரம்புக் கட்டை எடுத்து, வெளியிலிருந்துதான் மின்சாரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். தவளைக் காலைத் துடிக்கவைத்து உடம்பில் மின்சாரம் உண்டு என்று கால்வானி 1791இல் எழுதினார். அந்தச் சைகையின் வேகத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அளந்து, நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்றார். செல்லின் சவ்வுதான் மின்னழுத்தத்தைத் தாங்குகிறது, தூண்டும்போது அந்தச் சவ்வு தளர்ந்து அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்று பெர்ன்ஸ்டைன் 1902இல் ஒரு கொள்கை சொன்னார். சரியா தவறா என்று சொல்ல இழைக்கு உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். உள்ளே போக இடம் தந்த முதல் இழை கடம்பாவினுடையதுதான்.

1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இந்த வேலையில் இறங்கினார்கள். ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 21. இழையைக் கண்ணாடிக் குழாயின் முனையில் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். உள்ளேயுள்ள திரவத்தின் பாகுத்தன்மையைப் பார்க்கலாம் என்று ஹக்ஸ்லி பாதரசத் துளியைப் போட்டார். துளி இறங்கவில்லை, உள்ளே இருந்தது கெட்டியான கூழ். அடுத்து, 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி நுண்குழாயை மின்முனையாக்கி இழைக்குள்ளேயே நுழைத்தார்கள். அமைதியாக இருக்கும்போது இழையின் உட்புறம் வெளியைவிட எதிர்மின் பக்கம் இருந்தது. தூண்டியதும் அந்த அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்து நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி நேர்மின் பக்கம் 40 மில்லிவோல்ட் போல் எகிறிப் பிறகு இறங்கியது. பெர்ன்ஸ்டைன் சொன்னது போதாது என்று அந்த ஒரு வரைகோடு காட்டிவிட்டது.

ஏன் எகிறுகிறது என்று ஆராய அவகாசம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. இருவரும் ஒரு சிறு குறிப்பை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவிட்டு, போர்க்கால வேலைக்குப் போனார்கள். ஹாட்ஜ்கின் விமான ரேடார் வேலைக்குப் போனார். பிளிமத் ஆய்வகம் 1941 குண்டுவீச்சில் சேதமடைந்தது. அந்த எகிறலுக்கான காரணம் எட்டு வருடம் காத்திருந்தது.

போர் முடிந்து ஹாட்ஜ்கின் மறுபடி பிளிமத்துக்கு வந்தார். பெர்னார்ட் காட்ஸ் கூடச் சேர்ந்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து 1935இல் தப்பி வந்த யூதர் அவர். இழையைச் சுற்றியுள்ள கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தால் எகிறலும் குறைந்தது. கடல்நீரின் உப்புதான் விஷயம். ஹக்ஸ்லியும் சேர்ந்துகொள்ள, 1949 கோடையில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள், பின்னால் புகழ்பெற்ற அளவீடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்து முடித்தார்கள். பிறகு அந்த அளவீடுகளிலிருந்து அமைத்த சமன்பாடுகளின் கணக்கு. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு எந்திரத்தில் உட்கார்ந்தார். இழையில் ஓடும் ஒரே ஒரு சைகையைக் கணக்கிட அவருக்கு மூன்று வாரம் போல் பிடித்தது. சமன்பாடு சொன்ன வேகம் நொடிக்கு 18.8 மீட்டர். உண்மையான கடம்பா இழையில் அளந்தது 21.2 மீட்டர். சவ்வின் இயல்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, ஓர் உயிரின் நரம்பு ஓடும் வேகத்தை இவ்வளவு நெருங்கியது. எனக்குத் தெரிந்து உயிரியலில் இதற்கு இணையான தருணங்கள் மிகச் சில. 1952இல் ஐந்து கட்டுரைகள் வந்தன, 1963இல் நோபல் பரிசு வந்தது.

 

கடம்பா சொன்னது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆக்சானின் சவ்வு ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியது. அதற்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். கடம்பாவில் மட்டுமல்ல, நம் உடம்பிலும் அப்படித்தான். அமைதி நிலையில் பொட்டாசியம் மட்டும் கொஞ்சம் கசிய முடியும். நேர்மின் கொண்ட பொட்டாசியம் வெளியேற, உட்புறம் சுமார் 65 முதல் 70 மில்லிவோல்ட் வரை எதிர்மின்னாகிறது. ஒரு தூண்டல் வந்து இந்த அழுத்தம் ஓர் எல்லை வரை குறைந்தால் சோடியத்துக்கான வாயில்கள் படீரென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, உட்புறம் நேர்மின்னாகிறது, அதனால் இன்னும் பல சோடியம் வாயில்கள் திறக்கின்றன. ஒரு மில்லி விநாடி போல் ஆனதும் அவை தாமாக மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வாயில்கள் திறந்து, பொட்டாசியம் வெளியே போய் பழைய நிலை திரும்புகிறது.

வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதல்ல இது. சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைப்பதுபோல், ஆக்சானின் ஒரு துண்டு அடுத்த துண்டைத் தூண்டுகிறது. அதனால்தான் ஒரு மீட்டர் ஓடிய பிறகும் சைகை தேய்வதில்லை. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் வராது. அழுத்தித் தொட்டதற்கும் லேசாகத் தொட்டதற்கும் நரம்பு காட்டும் வேறுபாடு சைகையின் உயரத்தில் இல்லை, எத்தனை இழைகள், நொடிக்கு எத்தனை முறை சைகை அனுப்புகின்றன என்பதில் இருக்கிறது. வெடித்த சரம் தீர்ந்துவிடும். ஆக்சான் சில மில்லி விநாடியில் மறுபடி தயாராகிவிடும்.

சந்தையில் கடம்பாவுக்குப் பக்கத்துக் கூடைகளையும் இந்தக் கதையில் சேர்க்க வேண்டும். சோடியம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் நிரம்பிவிடாதா? அதை வெளியே தள்ளும் புரதத்தை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டுக் கால் நரம்பிலிருந்து கண்டறிந்தார். அது மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். நாற்பது ஆண்டு கழித்து 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலையில் வந்தால் மீனவர்கள் தூக்கி எறியும் பேத்தை மீனின் விஷம் சோடியம் வாயிலை அடைத்துவிடுகிறது என்பதை 1964இல் டோஷியோ நராஹாஷியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது சிங்கி இறாலின் நரம்பு. பேத்தையைத் தின்றவருக்கு மூச்சு நின்றுபோவது இதனால்தான். பேத்தையின் சொந்த வாயில்களோ சற்று மாறியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இறாலை எடுத்துக்கொண்டால் அது இன்னும் வியப்பு. ஜப்பானிய இறால் ஒன்றின் பேரிழையில் சைகை நொடிக்கு 200 மீட்டர் வரை ஓடுவதை அளந்திருக்கிறார்கள். மனித நரம்பின் உச்ச வேகத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

இறாலுக்கு அந்த வேகம் தடிமனால் மட்டும் வரவில்லை, இழையைச் சுற்றியுள்ள காப்புறையும் சேர்ந்துதான் தருகிறது. கடம்பாவுக்கு அந்த உறை இல்லை, தடிமன் ஒன்றே வழி. ஆனால் தடிமன் நான்கு மடங்கானால்தான் வேகம் இரண்டு மடங்காகும். நமக்குத் தேவையான நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தடிமனால் மட்டும் அடைய வேண்டுமென்றால் ஒரே ஒரு இழை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் பருத்திருக்க வேண்டும். அந்த ஒன்றே முதுகுத்தண்டு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். முதுகெலும்பு உள்ள உயிர்கள் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றிக்கொண்டன. உறையின் இடையிடையே ரான்வியர் கணுக்கள் என்ற இடைவெளிகள் உண்டு, சைகை கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. எல்லா இழைகளுக்கும் இந்த உறை இல்லை. தெருக்கல் தடுக்கினால் இடித்தது உடனே தெரிகிறது, கடுத்து எரியும் வலி சற்றுத் தாமதித்து வருகிறது. முதல் செய்தி உறையுள்ள இழையில் வந்தது, இரண்டாவது உறையில்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் போல் ஊர்ந்து வந்தது.

மின்சாரத்தோடு கடம்பாவின் வேலை முடியவில்லை. இழையை ஒரு பக்கம் வெட்டி உருளையால் அழுத்தினால் உள்ளிருக்கும் கூழ் தனியாக வந்துவிடும். அப்படி வெளியே எடுத்த கூழிலும் நுண்பைகள் தடம் பிடித்து நகர்ந்துகொண்டே இருந்தன. செல் உடலில் தயாராகும் புரதங்கள் ஆக்சானின் கடைசி முனை வரை இப்படித்தான் சுமந்து செல்லப்படுகின்றன, நாளைக்கு 40 சென்டிமீட்டர் வரை. அவற்றைச் சுமக்கும் கைனெசின் என்ற மூலக்கூறு 1985இல் உட்ஸ் ஹோலில் கண்டறியப்பட்டது, அதுவும் கடம்பாவின் இழையிலிருந்தே. முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்கு ஒரு சுமை போய்ச் சேர இரண்டரை நாள் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு மரத்துப்போவது முதலில் பாதத்தில் தொடங்குவதை நம் வீடுகளில் பார்க்கிறோம். மிக நீண்ட ஆக்சான்கள்தான் முதலில் அடி வாங்குகின்றன.

வானகரத்திலேயே, அம்பத்தூர் போகும் சாலையில், அப்போலோ மருத்துவமனை இருக்கிறது. பொதுவாகப் பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவில் நரம்புக் கடத்தல் சோதனை என்று ஒன்று செய்வார்கள். மணிக்கட்டில் ஒரு முறை, முழங்கையில் ஒரு முறை சிறு மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். கட்டைவிரல் தசை எப்போது துடித்தது என்று பதிவாகும். இரண்டுக்குமான நேர வித்தியாசத்தால் தூரத்தை வகுத்தால் வேகம் வந்துவிடும். முன்கையில் நொடிக்கு 50 மீட்டர் போல் இருந்தால் நல்லது. வயிற்றுப்போக்கு வந்து போன சில நாட்களில் கால் தளர்ந்து, பிறகு கையும் தளரும் கியான்–பாரே நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே மயலின் உறையைத் தாக்குகிறது. அப்போது வேகம் மிகவும் குறைந்து காணும். அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் நோயைப் பிரித்தறிகிறார். இரவோடு இரவாக மூச்சு நிற்கக்கூடிய நோய் அது. தாமதிக்காமல் சேர்த்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து நடக்கிறார்கள்.

பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகெய்ன் ஊசி மருந்து இழைக்குள் நுழைந்து சோடியம் வாயிலை உட்பக்கத்திலிருந்து அடைக்கிறது. இந்த வகை மரப்பு மருந்துகள் உட்பக்கமிருந்துதான் வேலை செய்கின்றன என்பதை 1970இல் காட்டியவரும் நராஹாஷியின் குழுவினர்தான், கடம்பா இழையில்தான். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசபைன் மாத்திரைகளுக்கும் குறி அதே வாயில். டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் இளநீரைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் இந்தக் கதையில் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் செல்லுக்கு வெளியே பொட்டாசியம் ஏறும். சவ்வின் அமைதி நிலை மின்னழுத்தம் குலையும். இதயத் துடிப்பு தடுமாறும்.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் படிக்கும் நம் பிள்ளைகள் நரம்புச் சைகையின் வரைகோட்டை நோட்டில் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். கோடு ஏன் மேலே போய் ஏன் கீழே இறங்குகிறது என்று எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அது எந்த உயிரிலிருந்து எடுத்த கோடு என்று தெரிந்தவர் குறைவு. அந்த உயிர் தங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. தவளை அறுப்பு பள்ளிகளிலிருந்து போய்விட்டது, போனது நல்லதே. கடம்பாவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, உணவுக்காக எப்படியும் வந்த பிராணி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரம்புப் பாடம் நடத்தும் வாரத்தில் ஒரு கடம்பாவை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் குழல் இருக்கும் பக்கத்தில், உடற்குழாயைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி விரித்து வையுங்கள். தலைப்பக்க விளிம்புக்குச் சற்று உள்ளே, கண்ணாடி ஈர்க்கின் இரு பக்கமும் பாருங்கள். வெள்ளையாக நட்சத்திரம்போல் இரண்டு முடிச்சுகள் தெரியும், அவற்றிலிருந்து வால் நோக்கிப் போகும் இழையும் தெரியும். ஒரு கைலென்ஸ் போதும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்க்கட்டும், பிறகு கரும்பலகையில் அந்தக் கோட்டைப் போடுங்கள். வாங்கும்போது மட்டும் சுத்தம் செய்ய வேண்டாம், முழுசாகவே கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.